நாலு சிலிண்டராகப் பிறந்த வி8: எம்ஜிபி ஜிடியோடு ஆறு வருடம்

என் எம்ஜிபி ஜிடியை, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை, பெட்ரோல் போட நிறுத்தினால் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். பெரும்பாலும் அறுபது தாண்டியவர். பானட்டைத் திறந்து காட்டச் சொல்லி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்பார்: "ஒரிஜினல் வி8 தானா?"

இல்லை. 1975-ல் இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து 1,798 சிசி நாலு சிலிண்டர் என்ஜினோடு வந்த சாதாரண எம்ஜிபி ஜிடி இது. 1988-ல் அப்போதைய உரிமையாளர் ஒரு ரோவர் எஸ்டி1 காரின் 3.5 லிட்டர் வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர்) என்ஜினையும், கூடவே அதன் ஐந்து கியர் பெட்டியையும் இதில் ஏற்றிவிட்டார். நான் வாங்கியது 2019-ல். இதுவரை 11,000 மைல் ஓட்டியிருக்கிறேன்.

எம்ஜி கம்பெனியே தயாரித்த எம்ஜிபி ஜிடி வி8 மொத்தம் 2,591 தான், 1973 முதல் 1976 வரை. நான் பார்த்த நல்ல வண்டிகளின் விலை என் கைக்கு எட்டவில்லை. ஆனால் இந்தக் காரில் வி8 ஏற்றுவது கம்பெனிக்கு முன்பே தொடங்கிய வேலை. கென் காஸ்டெல்லோ என்பவர் 1970 வாக்கிலேயே மாற்றி விற்றுக்கொண்டிருந்தார். இந்த என்ஜின் அமெரிக்க பியூக்கிடமிருந்து ரோவர் வாங்கிய அலுமினிய என்ஜின். அதனால் பழைய வார்ப்பிரும்பு நாலு சிலிண்டரை விட எடை கொஞ்சம்தான் கூடுதல், மூக்கு கனக்காது. வேடிக்கை என்னவென்றால், கம்பெனி வண்டியில் 137 குதிரைத்திறன், எஸ்டி1 என்ஜினில் 155. நகல் அசலை விட வேகம்!

விளம்பரத்தில் "முழு வி8 ஸ்பெக்" என்று போட்டிருந்தது. சேஸிஸ் எண்ணைப் பார்த்தாலே நிலவரம் தெரிந்துவிடும். கம்பெனி வி8 என்றால் ஜிடி2டி1 என்று தொடங்கும், என்னுடையது ஜிஎச்டி5. விற்றவர் அதை மறைக்கவும் இல்லை. நான் ஏமாந்தது "முழு" என்ற வார்த்தையில்.

முதல் நாள் லண்டன் ஹாரோவில் ஒரு சிக்னல். பச்சை விழுந்தது, முதல் கியரில் எடுத்தேன், வண்டி சந்திப்பின் பாதியைத் தாண்டுவதற்குள் என்ஜின் அலறியது. இரண்டாவது போட்டேன். அது முடிந்து மூன்றாவதுக்கு வரும்போது நான் இன்னும் அதே சந்திப்பில்தான் இருந்தேன். மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் ஐந்தாவது கியரிலும் 3,000 ஆர்பிஎம்முக்கு மேல். இவ்வளவு டார்க் (இழுவிசை) உள்ள என்ஜின் ஏன் இப்படிக் கத்த வேண்டும் என்று புரியவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து, எம்ஜி மட்டுமே பார்க்கும் ஒரு வயதான மெக்கானிக் பின் சக்கரங்களைத் தூக்கி, இரண்டையும் சேர்த்து ஒரு முறை கையால் சுற்றி, கியர் பெட்டியிலிருந்து பின்னால் வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணினார். கிட்டத்தட்ட நாலு. சிரித்துவிட்டார். பின் ஆக்சில் பழைய நாலு சிலிண்டருடையது, விகிதம் 3.9. கம்பெனி வி8-ல் அது 3.07, அதே வேகத்துக்கு என்ஜின் குறைவாகச் சுற்றினால் போதும். முப்பது வருடமாக இந்த வண்டி தப்பான ஆக்சிலோடுதான் ஓடியிருக்கிறது. ஓட்டிப் பார்த்த என்னைப் போன்றவர்கள் 'அடேயப்பா, என்ன இழுவை' என்று மயங்கியிருப்போம்.

3.07 பல்சக்கரம் தேடிப்பிடித்துப் போட எட்டு மாதம் ஆனது. போட்ட பிறகு அது வேறு கார். அதே 70 மைலுக்கு 2,500-க்கும் கீழே. முதல் கியருக்கு ஓர் அர்த்தம் வந்தது. என்ஜின் சத்தத்தை மீறிப் பேசவேண்டியதில்லை என்று மனைவி ஒப்புக்கொண்ட ஒரே செலவும் இதுதான்.

அடுத்தது சூடு. ஈலிங் அம்மன் கோயில் தேர் அன்று, வாகன நெரிசலில் வெப்ப ஊசி மேலே ஏறிக்கொண்டே போனது. எப்படியோ இடம் பிடித்து நிறுத்தி, சாமி கும்பிட்டுத் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே சத்தம். எக்ஸாஸ்ட் குழாய் பக்கத்திலேயே போவதால் செல்ஃப் மோட்டார் வெந்துபோய்விடும், ஆறினால்தான் சுற்றும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு பேர் தள்ளினார்கள். அதில் ஓர் ஐயா மூச்சு வாங்கிக்கொண்டே, "தம்பி, இந்தக் காசுக்குப் புதுசா ஒண்டு வாங்கியிருக்கலாமே" என்றார். என்ன பதில் சொல்வது?

1990-களில் வந்த எம்ஜி ஆர்வி8-ல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு உள் விங்கை, அதாவது சக்கரத்தின் மேலுள்ள தகட்டை, துளைத்துக்கொண்டு வெளியே போகும். அந்த முறையில் இதிலும் மாற்றினேன். தகட்டை வெட்டுவதற்கு மனசு வரவில்லை, ஆனால் ஏற்கெனவே மாற்றிய வண்டிதானே. ரேடியேட்டருக்கு முன்னால் இரண்டு மின்விசிறி, செல்ஃபுக்கு ஒரு வெப்பத் தடுப்பு. அப்புறம் தள்ளவேண்டி வரவில்லை.

பிரேக் டிஸ்க்கைப் பெரிதாக்கினேன். பெட்ரோல் காலனுக்கு 22 மைல், எத்தனால் குறைந்த இ5 தான் போடுகிறேன். வயதுக்கு எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனை தேவையில்லை என்றாலும் வருடா வருடம் செய்துவிடுகிறேன், அடியில் இன்னொருவர் கண் படட்டுமே. கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' பகுதிதான் இந்தக் காரின் முதுகெலும்பு, அங்கே துரு பிடித்தால் மற்றதெல்லாம் வீண்.

பேப்பர் வேலை ஒன்று விட்டுப்போனது. லாக்புக்கில் (வாகனப் பதிவுச் சான்று) இன்னமும் 1,798 சிசி என்றே இருந்தது, இன்ஷூரன்ஸ் எடுக்கும்போதுதான் கவனித்தேன். கராஜ் கடிதத்தோடு வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்கு அனுப்பித் திருத்தினேன், மாற்றம் ஒவ்வொன்றையும் இன்ஷூரன்ஸில் சொல்லி, மதிப்பையும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்டேன். இப்படி ஒரு வண்டி பார்க்கப் போகிறவர்கள் என்ஜினை அப்புறம் ரசிக்கலாம். முதலில் ஆக்சில் விகிதம், லாக்புக், வேலை செய்த ரசீதுகள். என்ஜின் மாற்றுவது ஒரு வார இறுதியின் வீரம், மிச்சத்தை முடிக்கத்தான் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

போன வருடம் பின்கதவிலிருந்த வி8 பேட்ஜைக் கழற்றிவிட்டேன். கேள்விகள் குறையவில்லை, சத்தம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பேட்ஜ் இருந்த துளைகள் வழியாக மழைத்தண்ணீர் இறங்கியது. இப்போதைக்கு ரப்பர் அடைப்பான் வைத்திருக்கிறேன், பெயிண்ட் அடிக்கும்போது மூடவேண்டும்.