ரெட்மைனுக்கு "லைசென்ஸ்" காசு கேட்டா உஷார் மக்களே (பெங்களூர்)

இதை எழுதவே வெக்கமா இருக்கு. பதினோரு வருஷமா இந்த ஊர்ல சாஃப்ட்வேர் வேலை பாக்குறேன்னு சொல்லிக்கிட்டு 22,000 ரூபாய தூக்கிக் குடுத்துட்டு நிக்குறேன். ஆனா நான் வாயை மூடிட்டு இருந்தா அந்தாளு அடுத்து உங்க ஆபிஸுக்கு வருவான்.

நாங்க பிடிஎம் லேஅவுட்ல ஆறு பேர் இருக்குற சின்ன கம்பெனி, கஸ்டமர் கம்ப்ளைன்ட் எல்லாம் ரெட்மைன்ங்கற சாஃப்ட்வேர்லதான் ஓடுது, ஒவ்வொரு கம்ப்ளைன்ட்டும் அதுல ஒரு டிக்கெட். அதுல கூடுதல் வசதி சேக்க ஒரு ப்ளகின் எழுதணும், கஸ்டமருக்கு ஓடிட்டிருக்குற லைவ்ல கை வைக்க முடியாது, அதனால என் லேப்டாப்லயே ஒரு லோக்கல் செட்டப் வேணும். ரெட்மைன் ரூபிங்கற மொழில எழுதுனது, நான் பிஹெச்பி ஆளு, ரூபி பக்கமே போனதில்ல. தேவையான ஜெம்களை (ரூபியோட துணைப் பேக்கேஜ்) இறக்குற பண்டில் இன்ஸ்டால் கமாண்ட் போட்டா, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கான ஜெம்ல சிவப்பு சிவப்பா எரர், ரெண்டு நாள் மல்லுக்கட்டிப் பாத்துட்டு விட்டுட்டேன். அப்பதான் மாரத்தஹள்ளில ஒருத்தன் பண்ணித் தருவான்னு தெரிஞ்சவர் நம்பர் குடுத்தாரு. போன் போட்டா சேலம் பக்கத்து ஆளு. "ப்ரோ, நம்ம ஊர்க்காரருக்குப் பண்ணாம வேற யாருக்குப் பண்ணப் போறேன்"னான். கன்னடத்துலயும் இந்திலயும் பேசிப் பேசி அலுத்த காது, அங்கயே விழுந்துட்டேன்.

கொட்டேஷன்ல செட்டப் 14,000, "டெவலப்பர் லைசென்ஸ் 1 வருஷம்" 8,000. லைசென்ஸாம்! 2006ல ஜீன்-பிலிப் லாங் வெளியிட்ட நாள்லேர்ந்து ரெட்மைன் இலவசம், ஜிபிஎல் வெர்ஷன் 2ங்கற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ். டவுன்லோட் பண்ணின ஃபோல்டர்லயே டாக் (doc) ஃபோல்டருக்குள்ள காப்பியிங் (COPYING)னு ஒரு ஃபைல்ல முழு லைசென்ஸும் இருக்கு, யாரு தொறந்து பாக்குறா. (வெளி ஆளுங்க எழுதுற சில ப்ளகினுக்குக் காசு உண்டு, அது வேற கதை.)

வந்தான், லைவ் சர்வர் பாஸ்வேர்ட் கேட்டான், குடுத்தேன், ஒரு மசால் தோசை வாங்கிக் குடுத்தேன், நாப்பது நிமிஷத்துல "ரெடி ப்ரோ"ன்னு பிரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட் 3000 ஓடுறத காட்டிட்டு ஜிபேல காச வாங்கிட்டுக் கிளம்பிட்டான். அவன் பண்ணது என்னன்னா, லைவ் ஃபோல்டரையும் டேட்டாபேஸ் டம்ப்பையும் (மொத்த டேட்டாவோட காப்பி) அப்படியே இழுத்து என் மெஷின்ல கொட்டி, லைவ் சர்வருக்குன்னு இருக்குற ப்ரொடக்‌ஷன் மோட்லயே ஓட விட்டுட்டான். கோட்ல ஒரு வரி மாத்துனாக்கூட ரீஸ்டார்ட் பண்ணாதான் தெரியுது. ரெட்மைன் இப்படித்தான் போலன்னு நானும் மூணு நாள் ரீஸ்டார்ட் பண்ணிட்டே இருந்தேன், என்னைச் சொல்லணும்.

நாலாவது நாள் நைட்டு ப்ளகினை டெஸ்ட் பண்ண அறுவது டிக்கெட்ட மொத்தமா செலக்ட் பண்ணி க்ளோஸ்டுன்னு மாத்துனேன். அஞ்சு நிமிஷத்துல ஓசூர் கஸ்டமர் போன்: "ஏன் சார், மோட்டார் இன்னும் ஓடல, முடிஞ்சிருச்சுன்னு மெயில் அனுப்புறீங்க? லிங்க்கை அமுக்குனா ஓப்பன்னு காட்டுது, விளையாடுறீங்களா?" லைவோட கான்ஃபிகரேஷன் ஃபைல் அப்படியே இருந்ததால மெயில் அனுப்புற எஸ்எம்டிபி பாஸ்வேர்டோட என் லேப்டாப்பே எல்லாருக்கும் மெயில் அடிச்சிருக்கு. லிங்க்ல வர்ற சைட் முகவரி, அதாவது ஹோஸ்ட் நேம் செட்டிங், டேட்டாபேஸ்ல இருக்கும், அதனால மெயில்ல இருந்த லிங்க் லைவுக்குப் போகுது, லைவ்ல டிக்கெட் தொறந்தே கிடக்குது. விடிய விடிய மன்னிப்பு மெயில் அடிச்சேன்.

அப்புறம் எங்க டீம்ல புதுசா சேர்ந்த பொண்ணு ஒரே சாயங்காலத்துல சரியாப் பண்ணிக் குடுத்துச்சு. லோக்கலுக்கு மைஎஸ்க்யூஎல்லே வேண்டாம்ணா, ஒரே ஃபைல்ல அடங்குற எஸ்க்யூலைட் டேட்டாபேஸே போதும்னு சொல்லி, டேட்டாபேஸ் செட்டிங் ஃபைல்ல டெவலப்மென்ட் (எழுதி டெஸ்ட் பண்றதுக்கான) பகுதிய மட்டும் எழுதி, பண்டில் இன்ஸ்டால், சீக்ரெட் டோக்கன், மைக்ரேட், டீஃபால்ட் டேட்டா லோட், ரெயில்ஸ் சர்வர்னு வரிசையா கமாண்ட் போட்டுச்சு, அவ்ளோதான். கஸ்டமர் டேட்டா ஒரு வரிகூட இல்ல, மெயில் செட்டிங்கே போடல. செலவு அந்தப் பொண்ணுக்கு ஒரு காபி.

யாரையாவது வெச்சுப் பண்றதா இருந்தா லைவ் பாஸ்வேர்ட் மட்டும் குடுக்காதீங்க, லோக்கல் செட்டப்புக்கு அது தேவையே இல்ல. முடிச்ச கையோட அட்மினிஸ்ட்ரேஷன்ல இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் தொறக்கச் சொல்லுங்க, என்விரான்மென்ட்டுன்னு ஒரு வரி இருக்கும், அதுல ப்ரொடக்‌ஷன்னு இருந்தா காசைக் குடுக்காதீங்க.

எல்லா பாஸ்வேர்டையும் மாத்திட்டோம். லைசென்ஸ் காசையாவது திருப்பிக் குடுன்னு கேட்டேன். "அது கம்பெனிக்குக் கட்டியாச்சு சார்"னு மெசேஜ் வந்துச்சு. எந்தக் கம்பெனிக்குன்னு கேட்டேன், ரெண்டு ப்ளூ டிக், மூணு வாரமா பதில் இல்ல. ப்ரோ-வும் சார் ஆயிருச்சு.