கறுப்பு டி-ஷர்ட்டுக்கு எந்த டிரான்ஸ்ஃபர் பேப்பர்?

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குப் போட்டுக்கொண்டு போக, மகளின் கறுப்பு டி-ஷர்ட்டில் டிரான்ஸ்ஃபர் பேப்பரால் மாம்பழப் படம் ஒட்டினேன். படத்தை அச்சிட்டு, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் துணியில் ஒட்டவைக்கும் தாள் அது. முதலில் வெளிர்நிறத் துணிக்கான பேப்பர். படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டு, கவிழ்த்து வைத்துத் தேய்த்தேன். மஞ்சள் இருந்த இடமே தெரியவில்லை. சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது, அந்தப் பேப்பரின் படலமும் கண்ணாடி மாதிரி. துணியின் கறுப்பு மற்ற நிறங்களை விழுங்கிவிடும்.

அடர்நிறத் துணிக்கான பேப்பரில் வெள்ளை அடித்தளம் உண்டு. படத்தைத் திருப்பவே வேண்டாம். ஓரத்தை ஒட்டி வெட்டி, பின்தாளை உரித்து, படம் மேலே தெரிய வைத்து, பட்டர் பேப்பர் போட்டு மூடி, நீராவி இல்லாமல் தேய்க்க வேண்டும். வெட்டுவதில் மட்டும் அவசரம் கூடாது. மிச்சம் விட்ட இடமெல்லாம் வெள்ளைக் கோடாக நிற்கும். தொட்டால் கொஞ்சம் தடிப்பு. இருந்தாலும் கறுப்புக்கு இதைத்தான் வாங்குவேன். அப்புறம், துவைக்கும்போது உள்புறத்தை வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள்.