இ.எம்.ஜி. பி.ஜே. செட்: பழைய பேஸில் துளையிடுமுன் அளவுகோலை எடுங்கள்

பழைய பேஸ் கிடாரைப் பிரித்துப் புதுப்பிப்பவர்களில் பலர் முதலில் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தக் கருவி) வாங்கிவிட்டு, அதை எங்கே பதிப்பது என்று பிறகுதான் யோசிக்கிறார்கள். வரிசை மாறிப்போகிறது. பிக்கப்பின் தரம் ஓரளவுக்குத்தான் பேசும்; அது தந்தியின் எந்த இடத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் அதிகம் பேசும். கலிஃபோர்னியாவின் இ.எம்.ஜி. நிறுவனம் தரும் பி.ஜே. செட்டை (ஃபெண்டர் நிறுவனத்தின் பிரெசிஷன், ஜாஸ் என்ற இரண்டு பேஸ்களின் வகையில் ஒவ்வொன்று) இந்தக் கண்ணோடுதான் இங்கே பார்க்கிறோம்.

இந்த செட் பழைய உடலுக்குப் பொருந்துவதற்கு முதல் காரணம் அதன் காந்தம். சாதாரண பிக்கப்பில் ஒவ்வொரு தந்திக்கும் கீழே தனித்தனிக் காந்தக் குச்சி நிற்கும். தந்தி அந்தக் குச்சிக்கு நேராக வராவிட்டால் ஒலி தளரும். பழைய பேஸ்களில் தந்திகளின் இடைவெளி ஃபெண்டர் அளவில் இருப்பது அரிது. நெக் (கழுத்து) பக்கம் போகப் போக அது இன்னும் குறுகும். இ.எம்.ஜி.யில் குச்சிக்குப் பதில் நீளப் பட்டை. தந்தி அரை விரல் தள்ளிப் போனாலும் சத்தம் குறையாது. ஆகவே பிக்கப்பை முன்னும் பின்னும் நகர்த்தும் சுதந்திரம் கிடைக்கிறது. ஆனால் எங்கே நகர்த்துவது?

ஃபெண்டரின் 34 அங்குல (864 மி.மீ.) ஸ்கேலை, அதாவது தந்தி அதிரும் நீளத்தை, அடிப்படையாக எடுத்துக்கொள்வோம். பிரெசிஷன் பிக்கப் இரண்டு பாதிகளாகப் பிரிந்தது: இ, ஏ தந்திகளுக்கு ஒன்று, டி, ஜி தந்திகளுக்கு ஒன்று. இ-ஏ பாதி பிரிட்ஜ் சேடிலிலிருந்து (உடல் பக்கத்தில் தந்தியைத் தாங்கும் உலோகத் துண்டு) சுமார் 16 செ.மீ.யிலும், டி-ஜி பாதி சுமார் 13 செ.மீ.யிலும் இருக்கும். 1960-களின் ஜாஸ் பேஸில் பிரிட்ஜ் பிக்கப் ஏறக்குறைய 61 மி.மீ.யில் நின்றது. 1970-களில் அதை ஏறக்குறைய 10 மி.மீ. பிரிட்ஜை நோக்கித் தள்ளிவிட்டார்கள். பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸ் பழைய இடைவெளி கொண்டது. மார்கஸ் மில்லரின் 1977 பேஸ் புதிய இடைவெளி கொண்டது. இருவர் வாசிப்பும் வேறு, மரமும் வேறு, எல்லா வித்தியாசத்தையும் இந்த 10 மி.மீ. தலையில் கட்ட முடியாது. ஆனாலும் அது சும்மா இல்லை. தந்தியின் அடிப்படை அதிர்வு பிரிட்ஜை நெருங்கும்போது வேகமாகச் சுருங்குகிறது. திறந்த தந்தியில் கணக்குப் போட்டால், 61-இலிருந்து 51 மி.மீ.க்குப் போகும்போது அடிப்படை ஒலி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். அதே 10 மி.மீ.யை பிரெசிஷன் இடத்தில் நகர்த்தினால் சுமார் 6 சதவீதம்தான் குறையும். நெக் பக்கம் கொஞ்சம் பிசகினால் காது மன்னித்துவிடும். பிரிட்ஜ் பக்கம் மில்லிமீட்டர் பிசகினாலும் தெரியும்.

'24-ஆம் ஃப்ரெட் இடத்தில் பிக்கப் வைத்தால் மந்திர ஒலி' என்றொரு நம்பிக்கை உலவுகிறது (ஃப்ரெட் என்பது நெக்கில் விரல் அழுத்தும் இடங்களைப் பிரிக்கும் உலோகக் கோடு). பிரிட்ஜிலிருந்து நீளத்தின் கால் பங்கில், அதாவது 216 மி.மீ.யில், திறந்த தந்தியின் நான்காம் ஹார்மோனிக் (அடிப்படை ஒலியின் நான்கு மடங்கு அதிர்வு) அசையாமல் நிற்கும். அங்கே வைத்த பிக்கப்புக்கு அது கேட்காது. சரிதான். ஆனால் 5-ஆம் ஃப்ரெட்டை அழுத்தியதும் அந்தக் கால் பங்குப் புள்ளி 162 மி.மீ.க்கு ஓடிவந்துவிடும். வாசிக்க வாசிக்கப் புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும். ஒற்றைப் புள்ளியைத் தேடி மரத்தை வெட்டாதீர்கள்.

குறுகிய ஸ்கேல் உடல் என்றால் மில்லிமீட்டரைக் காப்பியடிக்கக் கூடாது, விகிதத்தை எடுக்க வேண்டும். கிப்சன் ஈ.பி.-0 போன்ற 30.5 அங்குல (775 மி.மீ.) பேஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரே பெரிய பிக்கப் நெக் முனையை ஒட்டி இருப்பதால்தான் ஒலி சேறாகக் கலங்குகிறது. அங்கே ஜாஸ் பிக்கப் 55 மி.மீ.யிலும், பிரெசிஷன் பாதிகள் சுமார் 14.4 மற்றும் 11.7 செ.மீ.யிலும் வர வேண்டும். ஸ்கேலைக் கண்டுபிடிக்க நட்டிலிருந்து (நெக்கின் தலைமுனையில் தந்தியைத் தாங்கும் பட்டை) 12-ஆம் ஃப்ரெட் வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். சேடிலை நம்பி அளக்காதீர்கள், அது இன்டனேஷனுக்காக (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக இருப்பதற்காக) பின்னே தள்ளப்பட்டிருக்கும். இன்னொன்று: யாரும் கைவைக்காத அசல் ஈ.பி.-0 கிடைத்தால் ரவுட்டரை (மரம் குடையும் இயந்திரம்) எடுக்காமல் அப்படியே விற்றுவிடுங்கள். ஏற்கெனவே குதறப்பட்ட உடல்களுக்குத்தான் இந்த வேலை.

வெட்டுமுன் கேட்டுப் பார்க்க வழி இருக்கிறது. இந்த செட் பேட்டரியில் இயங்குவது; ஆகவே பிக்கப்பை பாட் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு), ஜாக் (கேபிள் சொருகும் துளை), 9 வோல்ட் பேட்டரியோடு இணைத்து, முகத்தைக் கீழே திருப்பித் தந்திகளுக்கு மேலே 3-4 மி.மீ. உயரத்தில் பிடித்து, பிரிட்ஜிலிருந்து நெக் வரை மெதுவாக நகர்த்துங்கள். ஒவ்வொரு 5 மி.மீ.க்கும் ஒரே வரியை வாசித்துப் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். தலைகீழாகப் பிடித்த பிக்கப்பை ஏற்கெனவே பதித்த இன்னொன்றோடு சேர்த்துக் கேட்டால் ஒலி மெலிந்துபோகும். அது ஃபேஸ் (ஒலி அலையின் ஏற்ற இறக்கம்) தலைகீழானதால், பிக்கப்பின் குறை அல்ல.

பிரெசிஷன் பாதிகளை இடம் மாற்றி, டி-ஜி பாதியை நெக் பக்கம் வைக்கும் முறையும் உண்டு. யமஹா பி.பி. வரிசையிலும் ஸ்பெக்டரிலும் அப்படித்தான். இ தந்தியின் ஒலி இறுகும், ஜி தந்தியின் ஒலி தடிக்கும். ஜாஸ் பிக்கப்போடு சேர்த்து வாசிக்கப் போகிறீர்கள் என்றால் இந்த அமைப்பே மேல். இ-ஏ பாதி ஜாஸை மிக நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு உறைகளுக்கும் இடையில் மரம் மெலிந்துவிடும். ஸ்லாப் (கட்டைவிரலால் அடித்தும், விரலால் தந்தியை இழுத்துவிட்டு 'பாப்' செய்தும் வாசிக்கும் முறை) வாசிப்பவர்கள் நெக் முனைக்கும் முதல் பிக்கப்புக்கும் நடுவில் விரல் நுழைய இடம் விட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு பாப்பிலும் விரல் பிளாஸ்டிக்கில் இடிக்கும்.

பதிக்கும் வேலையில் சிரமம் குறைவு. சால்டரிங் கிட்டத்தட்ட இல்லை. ஒயர்கள் சொருகும் வகை. 25 கிலோ ஓம் பாட்களும் ஸ்டீரியோ ஜாக்கும் பெட்டியிலேயே வருகின்றன. சிக்கல் பழைய உடலில்தான். 9 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 49 × 27 × 18 மி.மீ.; பழைய கன்ட்ரோல் குழியில் அதற்கு இடமிருக்காது, தனிக் குழி தோண்ட வேண்டும். பழைய 250 கிலோ ஓம் பாட்களை மிச்சம் பிடிக்க நினைத்தால் வால்யூம் சுவிட்ச் போல ஆகிவிடும், கடைசித் திருகலில்தான் எல்லாம் நடக்கும். பழைய நெக் பிக்கப்பை இதோடு சேர்த்துவைக்கும் ஆசையும் வேண்டாம். 25 கிலோ ஓம் பாட் அதன் உயர் ஒலியைத் தின்றுவிடும். பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயரை இந்த செட்டுக்கு இணைக்க வேண்டியதில்லை. துண்டித்து டேப் சுற்றிவிடுங்கள், எர்த் சரியில்லாத மேடைகளில் தந்தி வழியே ஷாக் அடிக்கும் அபாயம் குறையும். கேபிளைச் சொருகியே வைத்தால் பேட்டரி தீரும், ஸ்டீரியோ ஜாக்தான் அதன் சுவிட்ச்.

ஜாஸ் வகையில் நெக் பிக்கப் குட்டை (சுமார் 92 மி.மீ.), பிரிட்ஜ் பிக்கப் நீளம் (சுமார் 95 மி.மீ.). கையில் இருப்பதை அளந்த பிறகே டெம்ப்ளேட் வெட்டுங்கள். பெரிதாக வெட்டிவிட்டால் பிக்கப்பின் திருகுக் காதுகளின் ஓரத்தில் இடைவெளி பல்லிளிக்கும். பழைய பாலியஸ்டர் பெயின்ட் கண்ணாடி போலச் சிதறும். டேப் ஒட்டி, கோட்டைக் கத்தியால் கீறிய பிறகு, ஒரு தடவைக்கு 5 மி.மீ.க்கு மேல் போகாமல் ரவுட்டரை இறக்குங்கள்.

காந்த இழுவை குறைவு என்பதால் பிக்கப்பைத் தந்திக்கு நன்றாக நெருக்கலாம். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து 2 மி.மீ. வரை உயர்த்திப் பாருங்கள். சிங்கிள் காயில் ஜாஸ் பிக்கப்பில் வரும் 'உம்ம்' இதில் இல்லை. இரண்டும் முழுதாகத் திறந்திருந்தால் நடு அலைவரிசை சற்றுக் குழியும், ஜாஸ் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் நிரம்பிவிடும்.

குறை என்றால் ஒலியின் சீர்மைதான். எல்லாத் தந்தியும் ஒரே மட்டத்தில், சுத்தமாக, கொஞ்சம் அமுங்கினாற்போல் வரும். ராக், மெட்டல், சர்ச் இசை, மெல்லிசைக் குழு மேடைகளுக்கு இது வரம். 1960-களின் மர வாசனை வேண்டுமென்றால் இந்த செட் ஏமாற்றும். பலமாக அடித்து வாசிப்பவர்கள் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 18 வோல்ட் கொடுக்கலாம், 27 வோல்ட் வரை தாங்கும். அமுக்கம் தளரும், மர வாசனை மட்டும் அதனால் வந்துவிடாது.