கார்டு 140 வாட்டில் ஓடும் கேமிங் லேப்டாப்: சில மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

கேமிங் லேப்டாப் தேடும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது கிராபிக்ஸ் கார்டின் பெயரைத்தான். நான் அதைவிட அதிக நேரம் செலவழித்தது ஒரே ஒரு எண்ணைத் தேடுவதில், அந்தக் கார்டுக்கு இந்த லேப்டாப் எத்தனை வாட் கொடுக்கிறது என்பதில். இப்போது சில மாதங்களாகத் தினமும் பயன்படுத்துகிறேன். கேம் ஆடுவதற்கு இது அருமையான மெஷின், அதற்கு முக்கியக் காரணம் அந்த எண்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என்னிடம் இருப்பது இதுதான்: 16 அங்குல ஐபிஎஸ் திரை, 2560 × 1600, 240 ஹெர்ட்ஸ். இன்டெல் கோர் அல்ட்ரா 9 275எச்எக்ஸ் ப்ராசஸர், என்விடியா ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ, 32 ஜிபி டிடிஆர்5 ரேம், 1 டிபி எஸ்எஸ்டி. தயாரித்த கம்பெனியின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் கிட்டத்தட்ட இதே பாகங்களை வைத்துப் பல கம்பெனிகள் விற்கின்றன, நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

வாட் விஷயத்துக்கு வருகிறேன். லேப்டாப்புக்கான 5070 டிஐ கார்டை 60 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதில் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று என்விடியாவே இடம் கொடுத்திருக்கிறது. அதற்கு மேல் ப்ராசஸர் சும்மா இருக்கும் நேரத்தில் 25 வாட் வரை கூடுதலாகக் கார்டுக்குத் திருப்பிவிடும் டைனமிக் பூஸ்ட் வசதி இருக்கிறது, ஆக உச்சம் 140 வாட். மெல்லிய உடம்புக்குள் குறைந்த வாட்டில் ஓடும் கார்டுக்கும், தடிமனான உடம்புக்குள் 140 வாட்டில் ஓடும் கார்டுக்கும் பெயர் ஒன்றுதான், ஸ்டிக்கரும் ஒன்றுதான், ஆனால் கேமில் கிடைக்கும் வேகம் ஒன்றில்லை. முன்பு 2017 முதல் சில வருடங்கள் மெல்லிய மாடல்களில் போடும் கார்டுகளின் பெயரோடு மேக்ஸ்-க்யூ என்று சேர்த்து எழுதுவார்கள், பார்த்தவுடன் தெரிந்துவிடும். 2021-இல் வந்த 30 வரிசை லேப்டாப் கார்டுகளிலிருந்து அந்த அடையாளம் பெயரில் இல்லாமல் போய்விட்டது. அதனால் தேடிப் பார்க்கும் வேலை வாங்குகிறவர் தலையில் விழுந்திருக்கிறது. இது சரியில்லை என்றே நினைக்கிறேன். இவ்வளவு பணம் கொடுத்து வாங்கும் பொருளில் முக்கியமான எண் பெட்டியின் மேலேயே இருக்க வேண்டும்.

அப்புறம் டெஸ்க்டாப்போடு ஒப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெஸ்க்டாப் 5070 டிஐ 300 வாட் கார்டு, அதில் 8960 கூடா கோர்கள் (கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள்), 16 ஜிபி வீடியோ மெமரி. லேப்டாப் 5070 டிஐ-யில் 5888 கோர்கள், 12 ஜிபி. உண்மையில் இது டெஸ்க்டாப்பில் வரும் சாதாரண 5070-இன் சிப், ஜிபி205, அதையே குறைந்த மின்சாரத்தில் ஓட்டுகிறார்கள். டெஸ்க்டாப் கார்டின் ரிவ்யூ வீடியோவைப் பார்த்துவிட்டு அதே எஃப்பிஎஸ் (ஒரு செகண்டில் வரையும் ஃப்ரேம்களின் எண்ணிக்கை) இதில் வரும் என்று எதிர்பார்த்தால் கிடைக்காது. லேப்டாப் ரிவ்யூவைத் தனியாகத் தேடிப் பாருங்கள், அதிலும் நீங்கள் வாங்கப்போகும் அதே மாடலின் ரிவ்யூவை.

நான் வாங்கிய இடத்தில் இந்த எண்ணைக் கேட்டபோது விற்பனையாளருக்குத் தெரியவில்லை. "5070 டிஐ சார், எல்லாத்துலயும் ஒண்ணுதான்" என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். இணையப் பக்கத்திலும் போடவில்லை. கடைசியில் தயாரிப்பாளர் தளத்தில் அந்த மாடலின் முழு விவரப் பட்டியலில், கீழே சின்ன எழுத்தில் கிடைத்தது. கையில் வந்த பிறகு என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து உறுதிப்படுத்திக்கொண்டேன், கார்டின் உச்ச வாட் அங்கே எழுதியிருக்கும். காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பிலேயே இதைத் திறந்து காட்டச் சொல்லலாம், ஒரு நிமிட வேலை.

5070-ஐ விட்டு 5070 டிஐ-க்குப் போனதற்குக் காரணம் வீடியோ மெமரி. நான் வாங்கியபோது லேப்டாப் 5060-இலும் 5070-இலும் 8 ஜிபிதான். 8 ஜிபி இன்றைக்கே பல கேம்களில் விளிம்பைத் தொட்டு நிற்கிறது. 2025 மே மாதம் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் கேமுக்குக் குறைந்தபட்சத் தேவையே ரே ட்ரேசிங் (ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு வரைவது) உள்ள 8 ஜிபி கார்டு. குறைந்தபட்சமே அதுதான் என்றால், இதே லேப்டாப்பை நான்கைந்து வருடம் வைத்திருக்க நினைக்கிறவர் 8 ஜிபி வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மெமரி நிரம்பிவிட்டால் சராசரி எஃப்பிஎஸ் குறைவது மட்டும் இல்லை, ஒரு திருப்பத்தில் திரும்பும்போது படம் விக்கி விக்கி நிற்கும், சுவர்களின் டெக்ஸ்சர், அதாவது மேற்பரப்புப் படம், மங்கலாக வந்து பிறகு தெளிவாகும், அதுதான் எரிச்சல். ரேம் போல இதைப் பின்னால் சேர்க்கவும் முடியாது, கார்டோடு ஒட்டி வந்தது. 12 ஜிபி-யில் சைபர்பங்க் 2077-ஐ டெக்ஸ்சர்களை உச்சத்தில் வைத்து, ரே ட்ரேசிங்கின் இன்னும் கனமான வடிவமான பாத் ட்ரேசிங்கும் போட்டு ஆடுகிறேன், டிஎல்எஸ்எஸ் (சின்னதாக வரைந்த படத்தை ஏஐ மூலம் பெரிதாக்கும் என்விடியா வசதி) துணையோடுதான், ஆனால் விக்கல் இல்லை. மழையில் நனைந்த தெருவில் நியான் வெளிச்சம் பிரதிபலிப்பதைப் பார்த்துக்கொண்டு மிஷனை மறந்து நடந்துகொண்டே இருந்த இரவுகள் உண்டு. இதற்காகத்தான் இவ்வளவு செலவு செய்தேன்.

டிஎல்எஸ்எஸ் பற்றி. இந்தக் கார்டு சேர்ந்த 50 வரிசையில் புதிதாக வந்தது டிஎல்எஸ்எஸ்ஸின் மல்டி ஃப்ரேம் ஜெனரேஷன், கார்டு உண்மையாக வரையும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கூடவே பல ஃப்ரேம்களை ஏஐ மூலம் உருவாக்கிச் சேர்க்கும். விளம்பரங்களில் வரும் பெரிய பெரிய எஃப்பிஎஸ் எண்களுக்கு இதுதான் காரணம். இதை ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன், எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் உண்மையான ஃப்ரேம்களே 60-க்குப் பக்கத்தில் வந்தால்தான். அடித்தளமே 30-இல் இருக்கும்போது இதைப் போட்டால் திரையில் ஓட்டம் வழவழப்பாகத் தெரியும், ஆனால் மவுஸை நகர்த்தினால் கை ஒரு பக்கம் படம் ஒரு பக்கம் போவது போல இழுக்கும். சேர்க்கப்பட்ட ஃப்ரேம்கள் உங்கள் கை அசைவைக் கேட்டு வரைந்தவை இல்லையே. கதை கேம்களுக்குச் சரி, மற்றவர்களோடு நேருக்கு நேர் மோதி ஆடும் கேம்களுக்கு வேண்டாம். அங்கே செட்டிங்ஸைக் குறைத்து உண்மையான ஃப்ரேம்களை ஏற்றுவதுதான் வழி.

திரை எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1920 × 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள், இதில் சுமார் 41 லட்சம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றன, இந்தக் கார்டும் அந்தப் பாரத்தைத் தாங்குகிறது. 4கே என்றால் 83 லட்சம், அது 16 அங்குலத்தில் தேவையில்லை என்பது என் கருத்து. 240 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் சுமார் 4.2 மில்லி செகண்ட் மட்டுமே திரையில் நிற்கும், 60 ஹெர்ட்ஸில் அது 16.7. வேகமாகத் திரும்பும்போது எதிரி கோடாக இழுபடாமல் உருவமாகவே தெரிகிறான், பழகிவிட்டால் பழைய திரையைப் பார்க்க முடியாது. ஓஎல்இடி மாடலும் இருந்தது, கறுப்பு அதில் முழுக் கறுப்பு, பார்க்கவே ஆசையாக இருந்தது. ஆனால் நான் பகலெல்லாம் இதே லேப்டாப்பில் வேலை செய்கிறேன், டாஸ்க்பார் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்கும், அந்த மாதிரி அசையாத படங்கள் ஓஎல்இடியில் நாளடைவில் தடம் பதித்துவிடலாம். கேமுக்கு மட்டும் வாங்குகிறவர் தயங்காமல் ஓஎல்இடி எடுக்கலாம்.

கூடவே எம்யுஎக்ஸ் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத லேப்டாப்பில் பெரிய கார்டு வரைந்த படம் ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்குப் போகும், அதில் வேகம் குறையும். இதில் அது தானாகவே மாறிக்கொள்கிறது.

இனி சூடும் சத்தமும். ப்ராசஸரில் 24 கோர்கள், 8 வேகமானவை, 16 சிக்கனமானவை. அடிப்படை 55 வாட் என்றாலும் டர்போவில் 160 வாட் வரை இழுக்கும். அதையும் 140 வாட் கார்டையும் இரண்டு விரல் தடிமனுக்குள் வைத்திருக்கிறார்கள், அந்தச் சூடு எங்கேயாவது போயாக வேண்டும். பெர்ஃபார்மன்ஸ் மோடில் ஃபேன் சத்தம் நிஜமாகவே அதிகம். ஹெட்போன் இல்லாமல் ஆட முடியாது, பக்கத்தில் யாராவது தூங்கினால் கட்டாயம் எழுந்துவிடுவார்கள். கீபோர்டின் நடுப்பகுதி சுடுகிறது, கேமில் நடக்க அழுத்தும் டபிள்யு-ஏ-எஸ்-டி பக்கம் பரவாயில்லை, அங்கே காற்று போகும்படி அமைத்திருக்கிறார்கள், அந்த யோசனைக்கு என் பாராட்டு. பேலன்ஸ்டு மோடில் போட்டுவிட்டு, என்விடியா செட்டிங்ஸில் எஃப்பிஎஸ்ஸை 120-க்குக் கட்டிவிட்டால் சத்தம் பாதியாகக் குறைந்தது போலிருக்கிறது, கண்ணுக்குப் பெரிய வித்தியாசமும் தெரியவில்லை. நான் பெரும்பாலும் அப்படித்தான் ஆடுகிறேன். பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தாலும் நல்ல பலன் உண்டு, ஏனென்றால் காற்றை இது அடிவழியாக இழுக்கிறது. மெத்தை மேல், மடி மேல் வைத்து ஆடவே கூடாது.

பேட்டரி பற்றிச் சுருக்கமாக. 99 வாட்-மணி பேட்டரி, விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கையோடு கொண்டுபோகும் வரம்பு 100 என்பதால் பெரிய லேப்டாப்கள் எல்லாம் இதற்குள்ளேயே நிற்கின்றன. எழுதுவது, படம் பார்ப்பது என்றால் ஒரு மதியத்தை ஓட்டலாம். கேம் என்றால் ப்ளக்கில் போட்டே ஆக வேண்டும், பேட்டரியில் கார்டுக்கு முழு வாட் கிடைக்காது. யுஎஸ்பி-சி வழியாக 100 வாட் சார்ஜர் போட்டு வேலை பார்க்கலாம், வெளியே போகும்போது அந்தச் சின்ன சார்ஜரே போதும். கூட வந்த பெரிய சார்ஜரையும் சேர்த்தால் பையில் மூன்றரைக் கிலோ. எப்போதும் ப்ளக்கிலேயே இருக்கும் லேப்டாப் என்பதால் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியை முதல் நாளே போட்டுவிடுங்கள், பேட்டரி நீண்ட நாள் உழைக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஸ்பீக்கர் சுமார், பாஸ் (அடிநாத ஒலி) என்பதே இல்லை. டச்பேடின் கீழ் மூலையில் அழுத்தினால் லொடலொடவென்று ஆடுகிறது. 1 டிபி இந்தக் காலத்து கேம்களுக்குப் போதாது, பல கேம்கள் 100 ஜிபி-யைத் தாண்டுகின்றன, நல்லவேளையாக எஸ்எஸ்டி செருகும் இரண்டாவது எம்.2 இடம் காலியாக இருந்தது. ரேம் இரண்டு துண்டாக வந்தது, அது முக்கியம், ஒரே துண்டாகப் போட்டு விற்கும் மாடல்களில் மெமரி ஒற்றைச் சேனலில் ஓடி எஃப்பிஎஸ் இறங்கும். எனக்கு நிஜமாகக் கோபம் வந்தது முன்கூட்டியே ஏற்றி அனுப்பியிருந்த மென்பொருள்களைப் பார்த்துத்தான். சோதனைக்கால ஆன்டிவைரஸ் ஒன்று, யாரும் கேட்காத ஷாப்பிங் செயலி ஒன்று, கேம் நடுவில் திரையில் எட்டிப் பார்க்கும் அறிவிப்புகள். இந்த அளவு பணம் வாங்கிக்கொண்டு விளம்பரமும் காட்டுவது வாடிக்கையாளரை மதிக்காத செயல். விண்டோஸைச் சுத்தமாக மறுபடி போட்ட பிறகுதான் நிம்மதி. ஃபேன் கட்டுப்பாட்டுக்கான செயலியை மட்டும் திரும்ப நிறுவிக்கொண்டேன், அது வேண்டும்.

5080 போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: லேப்டாப் 5080-இல் 16 ஜிபி, பூஸ்ட் சேர்க்காமலே 150 வாட் வரை போகும், கண்டிப்பாக வேகம்தான். வெளியே 4கே மானிட்டர் இணைத்து ஆடுகிறவர் அதை எடுக்கட்டும். ஆனால் மெல்லிய உடம்பில் வாட் குறைத்து வைத்த 5080-க்கும் நல்ல குளிரூட்டலோடு வரும் 140 வாட் 5070 டிஐ-க்கும் விலை வித்தியாசம் பெரிது, இந்தத் திரையில் கேம் ஆடும்போது தெரியும் வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. அந்தப் பணத்தில் இரண்டாவது எஸ்எஸ்டியும் நல்ல ஹெட்போனும் வாங்குவேன்.

வாங்கியதும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டியவை உண்டு. இருட்டறையில் முழுக் கறுப்புப் படம் போட்டுத் திரையின் ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள், வெள்ளைப் படம் போட்டுச் செத்த பிக்சல் இருக்கிறதா என்று பாருங்கள். கனமான கேம் ஒன்றை நிறுத்தாமல் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், கார்டின் வாட் எண்ணைத் திரை ஓரத்தில் வைத்துக்கொண்டு. முதல் ஐந்து நிமிடம் எல்லா லேப்டாப்பும் நன்றாகத்தான் ஓடும், அரை மணி கழித்து அந்த எண் 140-லிருந்து 90-க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என்னுடையது அதே கேமில், அதே இடத்தில், ஒரு மணி நேரம் கழித்தும் 130-க்குக் கீழே போகவில்லை.