நியூரோஃபீட்பேக்: சோதனை அமர்வுக்குப் பின் முன்பணம் கட்டாமல் திரும்பிய கதை

குன்னூருக்குச் சற்றுக் கீழே, கொண்டை ஊசி வளைவு ஒன்றின் மேல் எங்கள் வீடு இருப்பதால், லாரிகளின் ஏர் ஹார்ன் இரண்டு ஆண்டுகளாக என் தூக்கத்தைக் கெடுத்து வருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் நீராவி ரயிலின் ஊதலும் தேயிலைத் தொழிற்சாலையின் சங்கும் நேரம் தெரிந்து வருவதால் என்னை வருத்துவதில்லை. எதிர்பாராமல் எழும் ஒலிதான் நெஞ்சைப் படபடக்க வைக்கிறது. இதற்கு, மூளையலைகளைத் திரையில் காட்டி அவற்றைச் சீராக்கப் பழக்கும் நியூரோஃபீட்பேக் என்ற பயிற்சி உதவக்கூடும் என்று கேள்விப்பட்டு, கோயம்புத்தூரில் உள்ள ஒரு மையத்துக்குச் சோதனை அமர்வுக்காகச் சென்றேன்.

அமர்வைப் பற்றிக் குறை ஏதுமில்லை. தலையில் பசை தடவிப் பொருத்தப்படும் மின்முனைகள் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்கின்றனவே தவிர, மின்சாரம் எதையும் உள்ளே செலுத்துவதில்லை. அலைகள் குறித்த வரம்புக்குள் இருக்கும்வரை திரையில் படம் தெளிவாக ஓடுகிறது, விலகினால் மங்குகிறது. 1960களில் அமெரிக்காவில் ஜோ காமியா மனிதர்களின் ஆல்ஃபா எனும் மூளையலைகளிலும், பாரி ஸ்டெர்மன் பூனைகளின் மூளையலைகளிலும் செய்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்த முறை இது என்று பயிற்சியாளர் பொறுமையாக விளக்கினார். வலி இல்லை, பசையைப் போக்கத்தான் இரண்டு முறை தலைக்கு ஊற்ற வேண்டியிருந்தது.

தயக்கம் அதன் பிறகே தொடங்கியது. 30 அமர்வுகளுக்கும் முழுத் தொகையை முன்னதாகக் கேட்டவர்கள், செவித்திறன் பரிசோதனை செய்திருக்கிறேனா என்று கேட்கவே இல்லை. இப்படி ஒலியைத் தாங்க முடியாத ஒலிக்கூச்சம் காதுக் கோளாறாலும் வரலாம், ஒற்றைத் தலைவலியோடும் வரலாம். ஒப்பீட்டுக்காக உண்மைச் சிகிச்சை போலவே நடத்தப்படும் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் இம்முறையின் தனிப்பயன் உறுதிப்படவில்லை என்பதும், பதற்றத்துக்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கே (CBT) வலுவான சான்று உள்ளது என்பதும் அவர்கள் தந்த கையேட்டில் இல்லை. மேலும், ஊசி விழுந்தாலும் கேட்கும் அறையில் அமைதியாக இருக்க எனக்குப் பயிற்சி தேவையில்லை. அதற்காக வாரம் இருமுறை பர்லியாறு வழியாக ஹார்ன்களின் நடுவே இறங்கி ஏறுவதும் பொருத்தமாகப் படவில்லை.

முன்பணம் கட்டவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் ஆடியோகிராம் எடுத்துப் பார்த்துவிட்டு, நாள் முழுவதும் காதில் பஞ்சு வைப்பது கூச்சத்தை அதிகரிக்கவே செய்யும் என்று அதை நிறுத்தச் சொன்னார். உளவியலாளரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அந்த மையம் அமர்வுக்கு அமர்வு கட்டணம் வாங்கினால், ஐந்தாறு முறை சென்று பார்க்க இன்னும் தயாராகவே இருக்கிறேன்.