மண் பேட்டரி கிட்: எல்இடியை விடுங்கள், மீட்டரைப் பாருங்கள்

சேற்றிலுள்ள பாக்டீரியாவிலிருந்து மின்சாரம் எடுக்கும் மண் பேட்டரி கிட்டை வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் கூடவே ஒரு மல்டிமீட்டரும் சில ரெசிஸ்டர்களும் இருந்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன். இந்த வகை கிட்டில் வருவது ஒரு பிளாஸ்டிக் டப்பா, வட்டமாக வெட்டிய இரண்டு கிராஃபைட் ஃபெல்ட் (மின்சாரம் கடத்தும் கார்பன் இழைத் துணி) துண்டுகள், வயர்கள், எல்இடியை மினுக்கும் சின்ன சர்க்யூட் போர்டு, அவ்வளவுதான். சேறு நம் பொறுப்பு. சேற்றுக்குள் புதைந்து எலக்ட்ரான் வாங்கும் ஃபெல்ட் ஆனோடு. மேலே காற்றுபடக் கிடந்து, வயர் வழி வரும் எலக்ட்ரானை ஆக்சிஜனுக்குக் கொடுப்பது கேத்தோடு.

ஆக்சிஜன் எட்டாத சேற்றில் ஜியோபாக்டர் வகை பாக்டீரியா அசிடேட்டை (அசிட்டிக் அமிலத்தின் உப்பு வடிவம்) தின்று, ஒரு மூலக்கூறுக்கு 8 எலக்ட்ரான்களை உடலுக்கு வெளியே தள்ளும். இயற்கையில் அவற்றை வாங்கிக்கொள்வது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. கிட்டில் அந்த வேலையை ஃபெல்ட் செய்கிறது. அதே அசிடேட்டுக்கு நைட்ரேட்டையும் சல்பேட்டையும் ஒடுக்கும் (அதாவது அவற்றுக்கு எலக்ட்ரான் கொடுக்கும்) பாக்டீரியா ஒருபக்கம், மீத்தேன் ஆக்கும் ஆர்க்கியா (பாக்டீரியா அல்லாத வேறொரு நுண்ணுயிர் வகை) இன்னொருபக்கம் போட்டிக்கு நிற்கின்றன. இந்தப் போட்டியில் ஆனோடுக்குக் கிடைத்த பங்கைத்தான் மீட்டர் காட்டுகிறது. கிட்டின் உண்மையான மதிப்பு அதுதான்.

எந்த மண்ணும் சரிவராது. உரம் போட்ட தோட்ட மண்ணில் நைட்ரேட் இருக்கும். அது தீரும்வரை எலக்ட்ரான்கள் அங்கேதான் போகும். கடலோரச் சேற்றின் உப்பு உள்மின்தடையை (டப்பாவுக்குள்ளேயே கரன்ட்டுக்கு இருக்கும் தடை) குறைக்கும் என்றாலும், கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 28 மில்லிமோல் சல்பேட் உண்டு. அது சல்ஃபைடாகி அழுகிய முட்டை வாடை வரும். அந்த சல்ஃபைடே ஃபெல்ட்டுக்கு எலக்ட்ரான் கொடுக்கும் என்பதால் கரன்ட்டின் மூலம் எது என்று பிரித்தறிய முடியாது. குளத்து அடிச்சேறு நல்லது.

அடியில் 1 செ.மீ. சேறு, அதன்மேல் ஆனோடு. குமிழ் எதுவும் தங்காதபடி அழுத்த வேண்டும். பிறகு 5 செ.மீ. சேறு, மேலே கேத்தோடு. கேத்தோடின் மேற்புறம் தண்ணீரில் மூழ்கக் கூடாது. வயரில் செம்பு வெளியே தெரிந்தால் மாற்றிவிடுங்கள்: சேற்றில் அரித்துப் பொய்யான வோல்டேஜ் காட்டும், பாக்டீரியாவுக்கும் நஞ்சு. டைட்டானியம் கம்பி சிறந்தது.

சர்க்கரை போடும் யோசனை பரவலாக இருக்கிறது. வேண்டாம். நொதித்தலில் அமிலமும் ஹைட்ரஜனும் கார்பன் டைஆக்சைடும் கிளம்பும். வாயு ஃபெல்ட்டைத் தூக்கிவிடும், ஹைட்ரஜனை மீத்தேன் கூட்டம் எடுத்துக்கொள்ளும். சோடியம் அசிடேட்டே போதும். நீரற்ற வடிவில் 82 மில்லிகிராம், அதாவது 1 மில்லிமோல், முழுவதும் ஆனோடுக்குப் போனால் 772 கூலும் மின்னூட்டம் கிடைக்கும், 0.1 மில்லிஆம்பியரில் அது சுமார் 89 நாள் ஓட்டம். அதற்கு வெகு முன்பே கரன்ட் படுத்துவிட்டால், மீதியைப் பெரும்பாலும் போட்டியாளர்கள் தின்றுவிட்டன என்று கொள்ளலாம். மேலிருந்து கசியும் ஆக்சிஜனும் ஒரு பங்கை விழுங்கும்.

கரித்தூள் கலந்தால் கரன்ட் கூடும் என்பார்கள். ஃபெல்ட்டோடு தொட்டுக்கொண்டிருக்கும் துகள்கள் ஆனோடை விரிவாக்கலாம். தனித்துக் கிடப்பவை ஜியோபாக்டரையும் மீத்தேன் ஆர்க்கியாவையும் இணைக்கும் பாலமாகிவிடக்கூடும். ஜியோபாக்டர் இனத்துக்கும் மீத்தனோசீட்டா என்ற மீத்தேன் ஆர்க்கியாவுக்கும் இடையே எலக்ட்ரான் நேரடியாகக் கைமாறுவது 2014-இல் காட்டப்பட்டது. ஆகவே கரி போட்டால் பலன் எந்தப் பக்கமும் சாயலாம்.

முதல் நாளிலிருந்தே ஆனோடு, கேத்தோடு வயர்களுக்கு இடையே 1000 ஓம் ரெசிஸ்டரைப் பூட்டி வையுங்கள். சுற்று திறந்து கிடந்தால் ஆனோடு எலக்ட்ரான் வாங்காது; அந்த நாட்களில் மற்றவை வளர்ந்துவிடும். ஓரிரு வாரத்தில் வோல்டேஜ் நிலைப்பட்டதும் 4700, 2200, 1000, 470, 220, 100, 47 ஓம் என்று இறங்குவரிசையில் மாற்றி, ஒவ்வொன்றிலும் 15-20 நிமிடம் பொறுத்து அளவெடுக்கலாம். வோல்டேஜின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் திறன். அது உச்சம் தொடும் ஓம்தான் ஏறக்குறைய உள்மின்தடை. 470 ஓமில் 0.15 வோல்ட் வந்தால் 48 மைக்ரோவாட்.

பெரிய குறை, ஒரே டப்பாதான் வருகிறது. ஒப்பிட ஏதுமில்லாமல் ஒரு எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. இரண்டு வாங்கி, ஒரே சேற்றை நிரப்பி, ஒப்பீட்டுக்காக ஒன்றில் மட்டும் சுற்றைத் திறந்தே வையுங்கள்.