பெதே செர்தோ: லத்தீன் அடிகளை அலகிட்டுத் தரும் தளம்

இத்தாலியின் ஊதினே பல்கலைக்கழகத்தில் உருவான 'பெதே செர்தோ' தளம் லத்தீன் அடிகளைத் தானே அலகிட்டு வாய்பாடு தருகிறது. கட்டணம் இல்லை. ரோமக் கவிஞர் வெர்ஜிலின் 'ஈனியட்' காவியத்தின் முதல் அடிக்கு விடை 'டிடிஎஸ்எஸ்': முதல் நான்கு சீரில் டாக்டைல் (நெடில், குறில், குறில்) இரண்டு, ஸ்பாண்டி (நெடில், நெடில்) இரண்டு. ஐந்தாம் சீர் பெரும்பாலும் டாக்டைல்தான். ஆறாவதில் எப்போதும் ஈரசை.

வேலை நேர்த்தியானது. ஆனால் ஓர் அசை ஏன் நெடிலாகிறது என்று தளம் சொல்லாது. தமிழ் யாப்பு பழகியவர் தடுமாறுவதும் அங்கேதான். அந்த அடியைப் பிரித்தால்:

அர்-ம-வி / ரும்-க்வெ-க / னோ-ட்ரோ / யாய்-க்வீ / ப்ரீ-மு-ஸ / போ-ரீஸ்

'அர்' குற்றுயிர்தான், ஒற்று அடைப்பதால் நெடில் கணக்கு. டாக்டைல் என்றால் கூவிளம் என்று மனப்பாடம் செய்தால் பிழை வரும். 'விளம்' என்பதன் ஈற்றொற்றை நாம் அலகிடுவதில்லை. லத்தீனில் அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால் அந்த 'ளம்' நெடிலாகிவிடும்.

ஆகவே முதலில் கையால் அலகிட்டுவிட்டுத் தளத்தைத் திறப்பதே சரி. தொடக்கம் புணர்ச்சியில். உயிரிலோ 'ம்'மிலோ முடியும் சொல்லை அடுத்து உயிரோ 'ஹ'வோ வந்தால் ஈற்றசை கெடும். மூன்றாம் அடியின் 'முல்தும் இல்லெ எத்' ஐந்தசை அல்ல, 'முல்-தில்-லெத்' என்ற மூன்றே அசை. பிறகு அடியின் மொத்த அசைகளில் 13-ஐக் கழியுங்கள். ஐந்தாம் சீர் டாக்டைலாக இருக்கும்வரை, மிச்சமே முதல் நான்கு சீரில் வரும் டாக்டைல் எண்ணிக்கை. முதல் அடியில் 15 அசை, டாக்டைல் இரண்டு. மூன்றாம் அடியில் 14, ஒன்று.

கணக்கு உதைத்தால் லத்தீன் எழுத்தான 'இ'யை (i) பாருங்கள். 'ட்ரோயாய்' (Troiae) சொல்லில் அது மெய். 'இ-ஊ-லுஸ்' என்ற பெயரில் உயிர். 'பத்ரிஸ்' போன்றவை இன்னும் வம்பு: 'த்ர்' முன்னசையைக் குறிலாகவும் விடும், நெடிலாகவும் ஆக்கும். தளத்தின் விடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இங்கேதான் நிஜமாகப் பலன் தரும்.

டாக்டைல் யாப்புக்கென்றே கட்டிய கருவி இது. ஹெக்ஸாமீட்டருக்கும் (மேலே கண்ட அறுசீரடி) பென்டாமீட்டருக்கும் (ஐஞ்சீரடி) தாராளமாகப் பரிந்துரைக்கலாம். கிரேக்கத்துக்கு உதவாது. ஹோமரில் சொல்லீற்று நெடில் அடுத்த உயிரின் முன் குறுகும் வழக்கம் உண்டு. இலியத்தின் முதல் அடியிலோ 'பேலேயிஅதெஓ' என்பதன் ஈற்று 'எ'யும் 'ஓ'வும் சேர்ந்து ஒரே நெடிலாகின்றன. அதைக் காதால்தான் பழக வேண்டும்.